மீதமிருந்த பதினான்கு நிமிடம்

நேர்காணல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் எழில்மதியின் வேலை. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில், தெருப் பக்கம் இருந்த அறையில் உட்கார்ந்து எட்டு வருடமாக அதைச் செய்துவந்தாள். சென்னையில் மதிவாணன் என்பவர் நடத்தும் 'நாற்றிசை' என்ற இணைய இதழுக்கான வேலை அது. போர்களைப் பற்றிப் பேசும் பேராசிரியர்கள், அகதி முகாமில் வேலை செய்துவிட்டு வந்த மருத்துவர்கள், சாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள், கூத்துக் கலைஞர்கள் என்று வாரம் இரண்டு பேரையாவது மதிவாணன் பேட்டி எடுப்பார். ஒலிப்பதிவு எழில்மதிக்கு வரும்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதுவாள். ஒருவர் பேச்சுக்குப் பேச்சு 'வந்து' என்று சொன்னால் அத்தனையையும் எடுத்துவிட வேண்டும். சிரித்தால் அடைப்புக்குறிக்குள் 'சிரிக்கிறார்' என்று போட வேண்டும். ஊர், ஆள், வருடம், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரிபார்த்து, தப்பாக இருந்தால் ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மதிவாணன் சொல்வார். எந்த நாட்டுக்கு எது தலைநகர், எந்த ஒப்பந்தம் எந்த வருடம் கையெழுத்தானது என்பதெல்லாம் விருத்தாசலத்தைத் தாண்டி அதிகம் போயிராத அந்தப் பெண்ணுக்கு அத்துபடி.

அப்பா சிங்காரவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு குடும்பம் மந்தாரக்குப்பம் வந்தது. அம்மா விருத்தாம்பாள். தம்பி பிரவின்குமார், ஏழு வயது இளையவன். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, ஐந்து வருடம் கான்ட்ராக்டில் ஓடினான். பெர்மனென்ட் ஆகும் என்ற பேச்சு வருடா வருடம் வந்து போனது. பிறகு பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த நண்பன் கலைச்செல்வனும் அவனும் ஒரு ஏஜென்ட் மூலமாகக் கடல் கடந்து போனார்கள். ஒரு துறைமுகத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கிற வேலை. அந்த ஊரின் பெயர் விருத்தாம்பாள் வாயில் நுழையவில்லை. 'கப்பலூரு' என்று சொல்லிவிடுவாள்.

அவன் போய் ஒன்றரை வருடத்தில் அந்தப் பக்கம் சண்டை வந்தது. "நமக்கு ஒண்ணும் இல்லக்கா, இது ஊருக்கு வெளிய" என்று பிரவின் சொன்னான். எழில்மதி அந்தச் சண்டையைப் பற்றி மூன்று நேர்காணல்கள் எழுதியிருந்தாள். அவனைவிட அவளுக்கு விவரம் அதிகம் தெரியும். ஆனாலும் அவன் சொன்னதை நம்பினாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றைப் பற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு நிமிடப் பதிவில் நாற்பத்தெட்டு முடிந்திருந்தது. கலைச்செல்வனின் அழைப்பு வந்தது.

"அக்கா, வூட்டுல யார் இருக்காங்க?"

"அம்மா இருக்குது. சொல்லுடா."

"காலையில குடோன் மேல குண்டு வந்து விழுந்துச்சுக்கா. பிரவின் அங்கதான் ட்யூட்டில இருந்தான்."

"அடிபட்டிருக்கா?"

"இல்லக்கா."

அவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் கலைச்செல்வன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கானா?"

"இல்லக்கா."

"சரிடா," என்றாள். "நீ பத்திரமா இரு."

போனை வைத்துவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். பொறியாளர் அணையின் உயரத்தைச் சொன்னார். அதைச் சரிபார்த்தாள். மீதமிருந்த பதினான்கு நிமிடத்தையும் எழுதி முடித்தாள். எழுத்துப்பிழை பார்த்தாள். மதிவாணனுக்கு அனுப்பினாள். மணி ஒன்றே காலுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

உடல் வர இருபத்திரண்டு நாள் ஆனது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிங்காரவேல் பெட்டியின் மூலையைப் பிடித்தபடி சுடுகாடு வரை நடந்தார். எழில்மதி வந்தவர்களுக்கு டீ போட்டாள், பிணம் வந்த வண்டியின் டிரைவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள், தாசில்தார் ஆபீசில் எந்தத் தாளுக்கு எந்த நகல் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுத்தக்காரி என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அழுகையை அடக்குவதாக இருந்தால்தானே அழுத்தம்? அவளுக்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன தாடையைத் தொட்டுப் பார்ப்பது போல அவ்வப்போது தன்னையே தொட்டுப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் இருக்காது.

வீட்டில் ஒரு காரியம் என்று மட்டும் மதிவாணனிடம் சொல்லி லீவு கேட்டிருந்தாள். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் வேலையை ஆரம்பித்தாள்.

தை மாதம் ஒரு பதிவு வந்தது. உலக அரசியல் பேசுகிற பேராசிரியர் ஒருவர். நல்ல குரல், தெளிவான பேச்சு, 'வந்து' போட மாட்டார், அவளுக்குப் பிடித்தமானவர். அந்தச் சண்டையைப் பற்றித்தான் பேச்சு. முப்பத்தோராவது நிமிடத்தில் அவர் சொன்னார்: "அந்தத் துறைமுகத் தாக்குதல் ஒரு எச்சரிக்கைதான். ஓரிரு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்ததைத் தவிர பெரிய சேதமில்லை."

எழில்மதி எழுதினாள். எண்ணிக்கை என்பதால் நிறுத்தி, பழக்கப்படி ஓரத்தில் குறிப்பும் எழுதினாள்: 'ஓரிரு அல்ல, நான்கு பேர். ஒருவர் பெயர் பிரவின்குமார், மந்தாரக்குப்பம்.' மற்ற மூவரின் பெயர்களும் கலைச்செல்வன் சொல்லி அவளுக்குத் தெரியும். அவற்றையும் எழுதி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் மதிவாணன் பேசினார்.

"எழில்மதி, இந்தப் பேரெல்லாம் எங்கேயும் வரலையே, உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"பிரவின்குமார் என் தம்பிங்க சார்."

"நீங்க சொல்லவே இல்லையே" என்றார் மதிவாணன். "எண்ணிக்கை மாத்திடுங்க சார், போதும்" என்றாள்.

பத்து நாள் கழித்து மதிவாணன் மறுபடி பேசினார். அவளைப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார். தயங்கித்தான் கேட்டார்; வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்று மூன்று தடவை சொன்னார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் ஏதும் தோன்றவில்லை. "வாங்க சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். எட்டு வருடத்தில் இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. சிங்காரவேல் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். விருத்தாம்பாள், "வாங்க தம்பி, வெயில்ல வந்துகினு" என்று மோர் கொடுத்துவிட்டு சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மதிவாணன் சின்ன மைக்கை எழில்மதியின் துப்பட்டாவில் மாட்டினார்.

"உலக அரசியலை இத்தனை வருஷமா எழுதினவங்க நீங்க. அது உங்க வீட்டுக்குள்ளயே வந்தப்ப எப்படி இருந்தது?"

"எப்படியும் இல்லைங்க சார்."

"கோபம்?"

அவள் யோசித்தாள். "யார் மேலன்னு தெரியலைங்க. ரெண்டு பக்கத்து ஆளுங்க பேசுனதையும் நான்தான் டைப் பண்ணேன். ரெண்டு பேரும் அவங்கவங்க சொல்றதுக்கு ஆதாரம் வச்சிருக்காங்க."

தூரத்தில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. மதிவாணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மண்ணுக்கு வைக்கிறதுங்க தம்பி, தெனமும்தான்" என்றாள் விருத்தாம்பாள்.

மதிவாணன் பிரவினைப் பற்றிக் கேட்டார். எழில்மதி சொன்னவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வெங்காயத்தைத் தட்டின் ஓரம் ஒதுக்குவான். செருப்பைக் கவிழ்த்துப் போடுவான். வாட்ஸ்அப்பில் எழுதவே மாட்டான், ஒரே வார்த்தைக்குக்கூட குரல் பதிவு அனுப்புவான். அடுத்த கேள்விக்கு மதிவாணன் நோட்டைப் பார்த்தார்.

"செய்தி வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"அப்ப உங்க வேலைதான் ஓடிகினு இருந்துச்சு சார். அந்த ஆத்து அணை பேட்டி. மீதி பதினாலு நிமிஷம் இருந்துச்சு. அதை முடிச்சு உங்களுக்கு அனுப்பிட்டு, அப்புறம்தான் போய் அம்மாகிட்ட சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைத்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மதிவாணன் கையிலிருந்த பேனா அசையவில்லை. நிலைப்படியிலிருந்து விருத்தாம்பாள் கேட்டாள்.

"அந்நேரம் நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"முருங்கக்கீரை உருவிகினு இருந்தம்மா."

"ஆமா," என்றாள் விருத்தாம்பாள். "உருவிகினுதான் இருந்தேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். மதிவாணன் மைக்கைக் கழற்றினார். சாப்பிட்டுப் போகச் சொன்னாள் எழில்மதி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

இரண்டு நாளில் ஒலிப்பதிவு வந்தது. "இதை நான் வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன், தவறுதலா உங்களுக்கு வந்துடுச்சு" என்று பின்னாலேயே ஒரு செய்தியும் வந்தது. பரவாயில்லை என்று பதில் எழுதிவிட்டு எழில்மதியே உட்கார்ந்தாள். வேகத்தைக் குறைத்ததும் அவள் குரல் வேறு யாருடையதோ போல இழுத்துக் கேட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற யாரோ ஒரு பெண். எல்லாரையும் எழுதுகிற மாதிரிதான் எழுதினாள். 'ஓடிகினு இருந்துச்சு' என்பதை 'ஓடிக்கொண்டிருந்தது' என்று மாற்றினாள். அம்மா பேசியதில் மட்டும் கை வைக்கவில்லை. அம்மாவின் கேள்விக்கு முன்னால் இருந்த இடைவெளியை ஓடவிட்டு அளந்தாள். பத்தொன்பது நொடி. அடைப்புக்குறிக்குள் 'மௌனம்' என்று போட்டாள்.

'பதினான்கு நிமிடங்கள்' என்று தலைப்பு வைக்கலாமா என்று மதிவாணன் கேட்டார். வேண்டாம் என்றாள். தம்பி பெயரை வைக்கச் சொன்னாள். அப்படியே வந்தது. நாற்றிசையில் எப்போதும் படிக்கிற சில ஆயிரம் பேர் படித்தார்கள். பேராசிரியரின் நேர்காணலிலும் 'நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள்' என்று திருத்தியிருந்தார்கள். 'தவிர பெரிய சேதமில்லை' என்பது அப்படியே இருந்தது. அது அவர் பேசியது. மாற்ற முடியாது என்று எழில்மதிக்குத் தெரியும்.

வீட்டில்தான் வித்தியாசம் இருந்தது. பேட்டிக்குப் பிறகு விருத்தாம்பாள் மகளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சோறு வெந்துச்சு, தண்ணி வந்துச்சு, இவ்வளவுதான். எழில்மதி மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். என்னவென்று கேட்பது? செய்தி வந்த உடனே சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கப்போவது அதேதான். சிங்காரவேலிடம் இதை அவளே ஒருநாள் சொன்னாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "எனக்கு ஷிப்டு முடிஞ்சப்புறம்தானே சொன்னீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. இன்னொரு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தார்.

பேட்டி நடந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் விருத்தாம்பாள் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி அந்த ஆளு இன்னாதாண்டி பேசினாரு?"

"யாரும்மா?"

"அதான், நீ எயுதிகினு இருந்தியே."

எழில்மதி சொன்னாள். மேலே இருக்கிற நாடு அணை கட்டுகிறது, கீழே இருக்கிற நாடு தண்ணீர் வராது என்று பயப்படுகிறது. விருத்தாம்பாள் கவனமாகக் கேட்டாள். நடுவில், "பாவம், நடவுக்கு இன்னா பண்ணுவாங்க" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். பதினான்கு நிமிடத்தைப் பற்றிப் பேசவில்லை.

பங்குனியில் விழுப்புரம் பக்கத்துக் கூத்துக்காரர் ஒருவரின் நேர்காணல் வந்தது. ராயப்பன் என்று பெயர், எழுபது வயது இருக்கும். கலையின் நிலைமை பற்றி மதிவாணன் என்னென்னவோ கேட்டார். அவர் எதற்கும் நேராகப் பதில் சொல்லாமல், ஒருமுறை துரியோதனன் வேஷத்தில் உச்சஸ்தாயியில் பாடும்போது ஒட்டுமீசை கழன்று வாய்க்குள் போய்விட்டதையும், துப்பினால் மரியாதை போய்விடும் என்று மென்றுகொண்டே மீதிப் பாட்டை முடித்ததையும் சொன்னார். அதைப் பாடியும் காட்டினார்.

எழில்மதியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று அவளுக்கே புரியவில்லை. பதிவை நிறுத்தி, பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது. ஹெட்போன் காதிலிருந்ததால் எவ்வளவு உரக்கச் சிரித்தோம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது விருத்தாம்பாள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். முகம் பயந்துபோயிருந்தது.

"இன்னாடி? இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஒருத்தருக்கு மீசை கழண்டு வாய்க்குள்ள போயிடுச்சாம்."

விருத்தாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அத்தக் கழட்டு. நானும் கேக்கறேன்."

எழில்மதி ஹெட்போனின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூத்துக்காரரை முதலிலிருந்து ஓடவிட்டாள்.