பிரேமாவதி திகாம் பத்துவை விட்ட கதை

செர்டாங்கைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குடியிருக்கும் பெண்கள் கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டுமானால், முன்பெல்லாம் பெரிய சாலை வரை இருட்டில் நடந்து வர வேண்டும். கம்பெனி பேருந்து தோட்டத்துக்குள் நுழையாது. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட ஆள் இல்லாதவர்கள் மழைக்காலம் வந்ததும் வேலையை விட்டுவிடுவார்கள். என்னோடு சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் அப்படி நின்றுபோனவர்கள்தான்.

பிரேமாவதி அக்காவும் அப்போது எங்களைப் போலத் தொழிற்சாலையில் மெஷின் ஆப்பரேட்டர். மற்றவர்கள் புலம்பிவிட்டுப் போனார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டும் லைசென்ஸ் எடுத்தார். "ஒவ்வொரு தோட்டத்து வாசல்லயும் பஸ்ஸு நிக்கணும், தேவகி. நம்ம பிள்ளைங்க வீட்டு வாசல்ல ஏறி வீட்டு வாசல்ல இறங்கணும்," என்பார் என்னிடம். வேறு பேச்சே கிடையாது.

அவருடைய சித்தி மகன் புவனேசன் கூட்டாளியாக வந்தான். அக்கா ஓட்டினார். அவன் தொழிற்சாலைகளில் பேசி ஒப்பந்தம் பிடித்தான். பெர்மிட், ஒப்பந்தம் எல்லாம் அவன் பெயரில் போனது. தம்பிதானே என்று அக்கா எதையும் கேட்கவில்லை. நாலைந்து பேருந்து சேர்ந்தபின் ஒரு நாள் காலை ஷெட்டுக்குப் போனால், வண்டிகளில் புதுப் பெயர் எழுதியிருந்தது. டிரைவர்கள் சுற்றி நின்று பார்க்க, புவனேசன் சொன்னான்:

"வீட்டுல ரெஸ்ட் எடுங்கக்கா. இனிமே நான் பாத்துக்கறேன். தோட்டத்து ரோட்டுல டயரத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா எப்ப முன்னேறுறது லா?"

அக்கா திரும்பி நடந்தார். ஒரு டிரைவர் சிரித்தது காதில் விழுந்ததாம். அந்தச் சிரிப்பைப் பற்றி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அவர் பெயரில் மிச்சம் இருந்தது ஒரு பழைய பேருந்து மட்டும்தான். கணவர் மணியம் அண்ணன் மெக்கானிக். அவர் அதைத் தட்டிக் கொட்டி ஓட வைத்தார். புவனேசன் வேண்டாமென்று விட்ட தோட்டங்களில் இருந்து அக்கா எங்களை ஏற்றினார். மெல்ல நம்பிக்கை வந்தது. வங்கிக் கடனில் ஒரு புதுப் பேருந்தும் வந்தது. அதற்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த அன்று, இனி இரண்டு பேருந்து நமக்கு என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தப் புதுப் பேருந்து செர்டாங் பக்கமே வரவில்லை. அக்கா அதைத் திகாம் பத்துவுக்குக் கொண்டுபோனார்.

புவனேசனுக்கு நல்ல வருமானம் தரும் தடம் அதுதான். அவன் பேருந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் பேருந்து போய் நிற்கும். முதல் மாதம் யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை. ஏர்கோன், மெத்தை இருக்கை எல்லாம் இருந்தது. ஆட்கள் மாறி ஏறினார்கள். அவனுடைய டிரைவர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்தார். சிரித்தானே, அவனைத்தான் முதலில். அவனை வேலைக்கு வைத்துக்கொண்டு பேருந்து கழுவ மட்டும் விட்டார். புவனேசனின் டயர் தேய்ந்திருப்பதைப் படம் எடுத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேக்கு அனுப்பினார். அவன் பேருந்தை நடுவழியில் நிறுத்தி சம்மன் கொடுத்தார்கள். அன்று மாலை அக்கா எங்கள் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்.

"வெளிறிப் போயிட்டானாம்டி," என்று சிரித்தார். "இன்னும் இருக்கு. அவன் வந்து என் வாசல்ல நிக்கணும்."

உண்மையைச் சொன்னால், நாங்களும் அந்தக் கேசரியை ருசித்துத்தான் சாப்பிட்டோம்.

ஆனால் எங்களுக்கு மிஞ்சியது பழைய பேருந்து. அது வழியில் நின்றது. மணியம் அண்ணன் திகாம் பத்து வண்டியைப் பார்க்கப் போயிருப்பார்; சரிசெய்ய ஆள் வராது. செம்பனை மரங்களுக்கு நடுவே பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நிற்போம். தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவோம். எங்களில் சின்னவள் சாந்தினி வேலைக்குப் புதிது. மூன்றாவது எச்சரிக்கையோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

அவள் அம்மா இராசாத்தி, அக்காவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர். மறுநாள் அக்கா ஓட்டி வந்த பழைய பேருந்தின் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"எங்க பிள்ளைங்களுக்குத்தான பஸ்ஸு வாங்குன? அது எங்க?"

"கொஞ்ச நாள் பொறு இராசாத்தி. அவன முடிச்சிட்டு வர்றேன்."

"அவன முடி, முடிக்காம போ. என் மகளுக்கு வேலை போச்சு. புவனேசன் எங்கள ரோட்டுல விட்டான். நீயும் அதத்தான செஞ்ச?"

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அவர் கியரை இழுத்த இழுப்பில் நாங்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டே வந்தோம்.

அந்த வாரமே கூலிமில் பெரிய தொழிற்சாலை ஒன்றின் போக்குவரத்து அதிகாரி மாலா அழைத்தார். புதிய பிரிவு திறக்கிறார்கள், செர்டாங் தோட்டங்களில் இருந்து ஆள் எடுக்கப் போகிறார்கள். அங்கே உள்ளே நுழைந்து ஓட்டப் பழகியவர் அக்கா ஒருவர்தான். ஆனால் நல்ல வண்டி வேண்டும், அடுத்த வாரமே வேண்டும். அக்காவிடம் நல்ல வண்டி என்றால் திகாம் பத்துவில் ஓடும் புதுப் பேருந்துதான்.

மணியம் அண்ணனுக்கு மனம் வரவில்லை. "ஒரு மாசம் டைம் கேளு. புவனேசன் பேங்க்குக்கும் ஷெட்டுக்கும் அலையறான். இன்னும் ஒரு மாசத்துல விழுந்துருவான்."

அக்கா கேட்டுப் பார்த்தார். மாலா முடியாது என்றார். வேறு கம்பெனி காத்திருக்கிறது என்றார். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை என்று பின்னால் மணியம் அண்ணன் சொன்னார்.

திகாம் பத்துவில் கடைசி நாள். அக்காவே பேருந்தைக் கொண்டுபோனார். ஆட்களிடம் நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் புவனேசன் தன் பேருந்தைத் தானே ஓட்டி வந்தான். டிரைவர் வைக்கக்கூட வழியில்லை. அக்கா இறங்கிப் போய் அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"இன்னிக்கோட இந்த ரோட்ட விட்டுட்டுப் போறேன். பாவம் பாத்து விடல. அத நல்லா மண்டையில ஏத்திக்க. எனக்கு வேலை இருக்கு."

புவனேசன் வாய்விட்டுச் சிரித்தான். "தாக்குப் பிடிக்க முடியல, ஓடுறீங்க. அத நேரா சொல்லுங்கக்கா!"

அவன் பேருந்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரே ஒரு மாதம். இருந்திருந்தால் அந்த வாய் மூடியிருக்கும். அக்கா தன் பேருந்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும், பிறகு ஏறி வண்டியைத் திருப்பியதாகவும் சொன்னார்கள். அக்கா பயந்து ஓடிவிட்டார் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இன்றும் சொல்கிறான். அந்தத் தடம் அவனுக்கே திரும்பியது; அவன் விழவில்லை.

இப்போது அக்காவிடம் ஏழு பேருந்துகள். செர்டாங்கைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் தோட்டத்து வாசலிலும் நிற்கின்றன. சாந்தினியைப் புதுத் தொழிற்சாலை வேலைக்குக் கூப்பிட அக்காவே வீட்டுக்குப் போனார். அதற்குள் அவள் பினாங்கில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டாள். இராசாத்தி கதவருகிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். இன்றுவரை அக்காவின் பேருந்தில் ஏறியதில்லை.

போன மாதம் கூலிமில் பேருந்து முதலாளிகள் கூட்டம். புவனேசனும் வந்திருந்தான். "சௌக்கியமாக்கா?" என்றானாம். அக்கா அவனைத் தாண்டிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"கோபம் போயிருச்சாக்கா?" என்று பேருந்தில் அவர் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

"எங்கடி போகும்? அப்படியே இருக்கு. பல்ல நறநறன்னு கடிக்கத் தோணுது." கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "புஷ்பவள்ளி ஏறிட்டாளா? ஏறுனதும் கதவச் சாத்து."

எங்களோடு வேலை செய்யும் புஷ்பவள்ளி குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். நாங்கள் காத்திருந்தோம்.