போகாத பக்கங்களுக்கு வந்த பதில்

ஜூன் 17, செவ்வாய், காலை 8.00: "படிச்சேன்க்கா. இன்னைக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு."

ஜூன் 18, புதன், காலை 8.00: "அருமைக்கா. விடாம எழுதுங்க."

ஜூன் 19, வியாழன், காலை 8.00: "படிச்சேன். உங்கள மாதிரி யாரால எழுத முடியும்!"

மூன்று செய்திகளும் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் என் போனில் ஒன்றாக வந்து விழுந்தன. திங்கட்கிழமை இரவு அடித்த மழையில், அந்தமானில் நாங்கள் இருக்கும் மின்னி பே பக்கத்து டவர் செயலிழந்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு போன்களிலும் மூன்று நாட்களாகச் சிக்னல் இல்லை. நகரத்துக்குள் போயிருந்தால் கிடைத்திருக்கும். கொட்டுகிற மழையில் யார் போவது?

அந்த மூன்று நாளும் நான் எழுதினேன். எழுதியதை வழக்கம்போல என் தோழிக்கு அனுப்பவும் செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் சின்னக் கடிகாரப் படம் அப்படியே நின்றது. அதாவது, பக்கம் இன்னும் என் போனை விட்டுக் கிளம்பவில்லை. வியாழன் சாயங்காலம் சிக்னல் வந்தபோதுதான் கடிகாரங்கள் மறைந்து டிக் விழுந்தது. அதே நிமிடத்தில் அவளுடைய மூன்று பதில்களும் வந்தன. தீவை விட்டே போகாத பக்கங்களை அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்தே படித்து வந்திருக்கிறாள்.

அவளும் நானும் ஒரே அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் பல வருடம் இருந்தோம். உள்ளே வரும் கடிதத்துக்குத் தேதி போடுவது அவள் வேலை, வெளியே போகும் கடிதத்துக்குப் போடுவது என் வேலை. நான் இங்கேயே பிறந்தவள். எங்கள் குடும்பம் எப்போது இந்தத் தீவுக்கு வந்தது என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை. அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, கராச்சர்மாவில் வீடு எடுத்து, பிள்ளையை வளர்த்து, பணி முடிந்ததும் மகனோடு இருக்க மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட்டாள். வேலைக்காக இங்கே வருகிறவர்கள் போய்விடுவார்கள். அதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற வாரத்தில்தான் ஏற்பாடு ஆனது. சாமான்கள் கட்டிக் கிடந்த அறையில் தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, எழுதணும் எழுதணும்னு ஆபீஸ்ல இருக்கும்போதே சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எப்பதான் எழுதப் போறீங்க?"

"யார் படிக்கப் போறா? எழுதி என்ன செய்ய?"

"அரே, நான் படிக்கேன். தெனமும் ஒரு பக்கம். காலைல காப்பி குடிக்கும்போது எனக்கு வந்துரணும். கப்பல் வந்துச்சா, மழை பெஞ்சுதா, யார் யாரோட சண்டை போட்டா, எல்லாம். நான் அங்க போயி என்ன செய்ய? இதாவது இருக்கட்டும்."

"ஒரு நாள் படிப்ப, ரெண்டு நாள் படிப்ப."

"எழுதிப் பாருங்க, தெரியும்."

நான் பலருடைய நாட்குறிப்புகளைப் படித்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் பெரிய நாட்களைப் பற்றி எழுதியவைதான் அதிகம். ஒரு சாதாரண ஊரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போயிற்று என்று தேடினால் கிடைப்பதில்லை. அதை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எழுத்துப் பழக்கம்தான் வரவில்லை. நோட்டு வாங்கினால் நாலு பக்கத்தோடு நின்றுவிடும்.

இந்த முறை என் மகன் விட்டுப்போன பழைய போனை எடுத்தேன். செய்தி அனுப்புவதை மட்டும் விட்டு, மற்ற ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன், கண்ணைப் பறிக்கிற எதுவும் இருக்கக் கூடாது என்று. கம்பியில்லாத சின்ன விசைப்பலகை ஒன்று வாங்கி, தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டி விசைகளின் மேல் ஒட்டினேன். எங்கள் ஊர்க் காற்றில் பசை ஒரு மாதம்கூட நிற்காது; எழுத்துகள் நகர்ந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். மறுபடி ஒட்டுவேன். விசைகள் உப்பில் இறுகாமல் இருக்க, மாத்திரை டப்பாக்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து, அவற்றோடு பலகையை மூடி வைத்தேன். இரண்டு எழுத்தைத் தட்டினால் தேதி, கிழமை, ஊர்ப்பெயர் மூன்றும் தானாக வந்து நிற்கும்படி செய்துகொண்டேன். அரசாங்கம் ஊரின் பெயரை மாற்றிய பிறகும் அந்த வரியில் போர்ட் பிளேர் என்றே வருகிறது.

ஐந்து மணிக்கே இங்கே வெளிச்சம் வந்துவிடும். அங்கே அவளுக்கு இன்னும் இருட்டாக இருக்கும். அவள் எழுவதற்குள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

"ரிட்டையர் ஆனாலும் டெஸ்பாட்ச் செக்ஷனுக்கு லீவே இல்ல," என்பார் என் கணவர். "அரசாங்கத்துக்குக்கூட இவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சதில்ல நீ."

ஆரம்பத்தில் அவளுடைய பதில்கள் எந்த நேரத்திலும் வரும். சில நாள் மத்தியானம், சில நாள் இரண்டு நாளுக்குச் சேர்த்து. "குட்வில் எஸ்டேட் பஸ்ல அந்தக் கண்டக்டர்தானக்கா? இன்னும் சில்லறை இல்லன்னு கத்துதானா?" என்று கேட்பாள். நான் அடுத்த நாள் அவனைப் பற்றியே ஒரு பக்கம் எழுதுவேன். "அந்த வளைவு" என்று எழுதினால் போதும், எந்த வளைவு என்று அவளுக்குத் தெரியும். அப்படி எழுத முடிகிற சுகம் பெரிது. பிறகு கேள்விகள் குறைந்தன, பாராட்டு கூடியது. என் எழுத்து தேறிவிட்டது, அதனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் போனைக் கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே தள்ளினார். இன்னும் மேலே தள்ளினார்.

"எல்லாம் எட்டு மணி."

"தெரியுது."

"எல்லா நாளும் எட்டு மணி. ஏழு ஐம்பத்தொன்பது கூட இல்ல. அரே பாப் ரே, கப்பலே இவ்ளோ டைமுக்கு வராதே!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "விடு. படிக்கலைன்னா என்ன, நீ எழுதினியா இல்லையா?"

எனக்கு வந்த கோபம் அவள் மேலா என் மேலா என்று பிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேதியும் நேரமும் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். மாதக்கணக்காக ஒரே நேரம் என் கண் முன்னால் நின்றிருக்கிறது. புகழ்ச்சியைப் படித்த கண் அதற்குப் பக்கத்திலிருந்த எண்ணைப் படிக்கவில்லை.

மறுநாள் அவளை அழைத்தேன். பின்னால் குக்கர் சத்தமும் குழந்தை அழுகையும் கேட்டன.

"அக்கா! என்ன அதிசயம், போன் போட்டிருக்கீங்க? அண்ணன் சுகமா இருக்காங்களா?"

"இருக்கார். மூணு நாளா எங்களுக்கு நெட்வொர்க் இல்ல."

"அய்யோ, ஆமாவா? டிவிலகூட ஒண்ணும் சொல்லலியே."

"நான் அனுப்பினது ஒண்ணும் உனக்கு வந்திருக்காது. நீ படிச்சேன்னு எழுதியிருக்க."

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"திட்டாதீங்கக்கா."

"திட்டல. எப்போலேருந்து?"

"காலைல எனக்கு உக்கார நேரமே இல்ல. மருமக வேலைக்குப் போயிருவா, இவன் என் இடுப்ப விட்டு எறங்க மாட்டேங்கான். பதில் வரலைன்னா நீங்க எழுதுறத நிறுத்திருவீங்களோன்னு பயம். அதான் அந்த ஆப்புல நாலஞ்சு வரி எழுதி வெச்சேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!"

உண்மைதான். அலுவலகத்தில் எல்லோருடைய பிறந்தநாளுக்கும் வாழ்த்து அனுப்ப மறந்துவிடுகிறாள் என்று, முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைத்தால் தானாகவே அனுப்பிவிடும் அந்த ஆப்பை அவள் போனில் நான்தான் அமைத்துக் கொடுத்தேன்.

"எந்தத் தேதியிலேருந்துன்னு சொல்லு."

"தேதி எல்லாம் ஞாபகம் இல்லக்கா. க்யா கரேகா, என்ன செய்ய, நான் குறிச்சா வெச்சிருக்கேன்?" அவள் குரலும் ஏறியது. "நீங்க மட்டும் என்ன? தெனமும் ஒரு பக்கம் வருது. அதுல ஒரு வரி, நீ எப்படி இருக்கேன்னு உண்டா? பேரன் போட்டோ அனுப்பினேன். என்ன பேரு வெச்சிருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல நீங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். வைக்கேன்க்கா, இவன் அழுவுதான்."

நாங்கள் சண்டை போட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு நான் அவளுக்கு ஒரு பக்கமும் அனுப்பவில்லை. அவளுடைய ஆப் இன்னும் நான்கு நாட்கள் எட்டு மணிக்குப் பாராட்டியது, பிறகு நின்றது. எழுதுவது நிற்கவில்லை. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கை விசைப்பலகையைத் தேடுகிறது. நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்கிற ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, யாருக்காக வந்ததோ அவள் இல்லாமல். இப்போது "அந்த வளைவு" என்று எழுதிவிட்டு, எந்த வளைவு என்று விளக்க வேண்டியிருக்கிறது. விளக்குகிற வரிகள் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த அழைப்பில் அவள் முதலில் கேட்டது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் சுகமா என்று கேட்டாள், எதுவும் தெரியாமல் வெகுநாள் கழித்து விசாரிப்பவர்கள் கேட்பது போல. பிப்ரவரியில் என் கணவர் கழிப்பறை வாசலில் மயங்கி விழுந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தைக் கட்டைவிரலால் அடித்து அவளுக்கு அனுப்பினேன். எழுதிவிட்டேன், அதனால் தனியாக போன் போட்டுச் சொல்லவில்லை. மறுநாள் பதில் வந்தது: "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா." என் நடையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அதற்காக ஒரு நிமிடம் சந்தோஷப்படவும் செய்தேன்.

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு எல்லாப் பதில்களையும் தேதிவாரியாகப் பார்த்தேன். ஜனவரி கடைசி வரை கேள்விகள் இருக்கின்றன. அவை அவள் படித்து எழுதியவை. மார்ச் மாதம் முதல் எல்லாம் சரியாக எட்டு மணி. அவை ஆப் அனுப்பியவை. பிப்ரவரிப் பதில்கள் இரண்டிலும் சேரவில்லை. நேரம் முன்னும் பின்னுமாக இருக்கிறது, வாசகம் மட்டும் பின்னால் ஆப்பில் வந்த அதே வாசகம். ஆஸ்பத்திரிப் பக்கத்துக்கு வந்த பதிலின் நேரம் காலை 8.13. ஆகவே அதை ஆப் அனுப்பவில்லை, அவள் கைதான் அனுப்பியது என்று எண்ணுகிறேன். அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை அவள் படித்தாளா என்பதை அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதுகிற இன்றைய தேதி வரை அது சரிபார்க்கப்படாத தகவல்.