மூன்று முறை பெயர் சொல்லியும் திரும்பாத என் கணவர்

என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்று ஒன்றரை வருஷம் நம்பினேன். அந்த நம்பிக்கையில் பாதியை ஆண்டவர்மேல் வைத்திருந்தால் இந்தச் சாட்சிக்கே வேலை இருந்திருக்காது. வைக்கவில்லை. விவாகரத்து வரைக்கும் போனோம். கோர்ட் வராண்டாவில்தான் ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டியில் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கணவர் ஜெயபால், இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டினார். எங்கள் இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போன முதல் ஆட்கள் நாங்கள்தான். என் அண்ணன் மோசஸ் அதே கம்பி ஆலையில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான், மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எங்களுக்கு ஒன்பது வயதில் பிரின்சி என்று ஒரு மகள் இருக்கிறாள்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினால் நான் ஒரு கண்ணைத் திறந்து யார் மூடவில்லை என்று பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு ஷிஃப்ட் வேலை பார்க்கிற கணவர் வாய்த்தால் என்ன ஆகும்? அவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால் எனக்கு மதியம். எனக்குக் காலை என்றால் அவருக்கு மதியம். கம்பெனி பஸ்ஸுக்கு நான் ஓடும்போது அவர் எதிரில் வருவார். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துச் சாப்பிடுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் அடுப்படியிலிருந்து எதையாவது கேட்டால் பதிலே வராது. டிவியை அலற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படுக்கையில் திரும்பிப் படுத்தபடி, "இன்னாங்க, தூங்கிட்டியா?" என்று கேட்பேன். எட்டிப் பார்த்தால் கண் திறந்திருக்கும், வாய் திறக்காது. போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் ஒரு மனுஷியாகவே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். கம்பெனி கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அண்ணன் வந்தார். "எஸ்தரு, மாப்ள செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஷிஃப்டு மாத்திக்கினு எங்கயோ போறாரு. இன்னா ஏதுன்னு பாத்துக்கோ" என்றார். எரிகிற தீயில் எண்ணெய்தான். என்னிடம் டூட்டிக்குப் போவதாகச் சொல்லி, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடுதானே அவர் கிளம்பினார்! அவருடைய சட்டைப் பையைத் தேடினேன். சென்ட்ரலுக்குப் போய்வந்த ரயில் டிக்கெட் ஒன்று இருந்தது. அதன் பின்னால் ஒரு போன் நம்பரும், "செவ்வாய் 11 மணி" என்று பெண் கையெழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுத்தும் இருந்தன. அந்த நம்பருக்குப் போன் செய்தேன். இளம் பெண் ஒருத்தி தேன் மாதிரி குரலில், "சொல்லுங்க" என்றாள். பட்டென்று வைத்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

சண்டை போட்டேன். அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "உனக்கு இன்னா தோணுதோ அத்தையே வச்சிக்கோ. நீ யாரோட குசுகுசுன்னு பேசறன்னு நான் கேட்டனா?" என்று மட்டும் சொன்னார். திருடனே போலீஸை விசாரிக்கிறான் என்று எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. பிரிந்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் சரி என்றார்.

எங்களுக்காகப் பேசிய வக்கீலம்மா திருவள்ளூர்க்காரர். "உங்க பக்கத்துலேர்ந்து வர கேஸ்ல ஷிஃப்டு டூட்டி இருக்கும், இல்ல செல்போன் இருக்கும், இல்ல நடுவுல ஒரு சொந்தக்காரர் இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே பேப்பரைப் புரட்டினார். எங்கள் கேஸில் மூன்றுமே இருந்தன. இரண்டு பேரும் சம்மதித்து மனு கொடுத்தோம். ஆறு மாதம் பொறுத்து மறுபடியும் வந்து சம்மதம் சொன்னால் முடிந்துவிடும் என்றார்கள்.

அந்த ஆறு மாதமும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். குடும்பம் சேர வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. "ஆண்டவரே, இந்த ஆளைக் கையும் களவுமாக எனக்குப் பிடித்துக் கொடும். பிரின்சி வளர்ந்து கேட்டால் நான் சொல்வதற்கு உண்மை வேண்டும்" என்றுதான் அழுதேன். பக்கத்தில் இருந்த பாஸ்டரம்மா என் தோளைத் தொட்டு, "இன்னாம்மா, ஜெபம் பண்றியா, போலீசுல புகார் எழுதிக் குடுக்கறியா? எதுவா இருந்தாலும் உண்மைய கேக்கற இல்ல, கேளு. காட்டறப்போ பாக்க மனசு வச்சிக்கோ" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. இவருக்கும் ஏதோ தெரியும், மறைக்கிறார் என்று நினைத்தேன்.

கடைசி வாய்தா அன்று காலையில் தனித்தனி பஸ்ஸில் திருவள்ளூருக்குப் போனோம். கோர்ட் வராண்டா முழுக்கக் கூட்டம். அவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரத்தில் டவாலி வாசலுக்கு வந்து எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன். "ஜெயபால்!" என்றார். அவர் திரும்பவில்லை. "ஜெயபால்!" பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஜெயபால்!" மூன்றாம் முறை வராண்டாவே அதிர்ந்தது. அவர் அசையவில்லை.

வக்கீலம்மா, "அவரை இட்டுனு வாம்மா, சீக்கிரம்" என்றார். நான் அவர் பின்னால் போய் நின்றேன். நடிக்கிறார், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, நாளைக் கடத்தப் பார்க்கிறார் என்றுதான் அப்போதும் தோன்றியது. சோதித்துப் பார்க்கலாம் என்று கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை வேண்டுமென்றே தரையில் போட்டேன். டங்கென்று விழுந்தது. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எல்லாரும் என்னைத் திட்டுவது போல் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் உருண்டுபோய் அவர் செருப்பில் இடித்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா, பேரு கூப்டாங்களா?" என்றார்.

நான் கேட்டபடியே ஆண்டவர் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டார். பிரின்சி அப்பாவிடம் பேசும்போதெல்லாம் அவர் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவது அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது. செல்லம் கொஞ்சுகிறாள் என்று விட்டிருந்தேன். குழந்தைக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

அவர் முகத்துக்கு நேராக நின்று, "காது கேக்கலயா உனக்கு?" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பெஞ்சில் உட்கார வைத்து, கொஞ்சம் கேட்கும் என்று அவர் தொட்டுக் காட்டிய வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினேன். ஊருக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா. மில்லு சத்தம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா உங்கண்ணனுக்குத் தெரியும். செவிடன வச்சி கிரேன் ஓட்டுவாங்களா? எறக்கிட்டு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க ஆளுங்க முன்னாடி எப்டி நிப்பேன்?"

செவ்வாய்க்கிழமைகளில் அவர் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அந்தத் தேன் குரல்காரி, காது டெஸ்ட் எடுக்கிற பெண். போன் வந்தால் வெளியே போனது, ஸ்பீக்கரில் போட்டு அலற விட்டால்தான் கேட்கும், அதை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அவர் சொன்னதுதான் என்னை உடைத்தது. "நீ ஊட்ல வாய மட்டும் அசைக்கற, சத்தமே வரல. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு மெதுவா பேசறன்னு நென்ச்சேன். போன்லயும் அப்டித்தான. வேற எவனோ இருக்கான்னு நென்ச்சேன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னையா சந்தேகப்பட்டாய் என்று! அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. ஒன்றரை வருஷம் ஒரே அறையில் நான் அவரை வேவு பார்த்திருக்கிறேன், அவர் என்னை வேவு பார்த்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எந்தப் பெண்ணும் இல்லை, எந்த ஆணும் இல்லை.

உள்ளே நீதிபதியம்மா, "இரண்டு பேருக்கும் பிரிய சம்மதமா?" என்று கேட்டார். நான் அதை என் கணவர் காதில் உரக்கத் திருப்பிச் சொன்னேன். அவர், "இல்லம்மா" என்றார். நானும் இல்லை என்றேன். வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் வந்தோம்.

மறுநாள் அவரே அண்ணனிடம் போய்ச் சொன்னார். கிரேனிலிருந்து இறங்கிவிட்டார், இப்போது அதே ஆலையில் ஸ்டோரில் இருக்கிறார். ஒரு கம்பிக் கட்டு யார் தலையிலும் விழாமல் ஆண்டவர் அந்த இரண்டு வருஷமும் காத்தார். அதற்காகத் தனியாக நன்றி சொல்கிறேன். காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். காது முழுசாகத் திரும்பவில்லை, திரும்பியது என்று நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன். அண்ணனிடம், எங்கள் வீட்டு விஷயம் எதுவாக இருந்தாலும் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் குணமும் ஒரே நாளில் மாறவில்லை. மீனை இன்னும் முகர்ந்துதான் வாங்குகிறேன்.

வீட்டில் சந்தேகத்தோடு படுத்து சந்தேகத்தோடு எழுகிற சகோதரிகளே, சகோதரர்களே, என்னைப் போலக் கோபத்தோடாவது ஆண்டவரிடம் போங்கள். உண்மையைக் கேளுங்கள், அவர் காட்டுவார். ஆனால் நீங்கள் மனதில் எழுதி வைத்த பதிலைத்தான் அவர் தர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன். அப்படியும் அவர் என்னைக் கைவிடவில்லை.

இப்போது தினமும் குடும்ப ஜெபத்தில் கணவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக ஜெபிக்கிறேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு புகாரும் சொல்ல முடிவதில்லை.