அஞ்சு நிமிஷக்காரர்

என் அக்கா வீட்டுக்காரர் மலைமுகட்டுப் பாதையில் வழிகாட்டி. ஊரில் அவருக்குப் பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. ஏரி தெரியும் பாறைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், கூசாமல் அஞ்சே நிமிஷம் என்பார். மூன்று மணி நேர ஏற்றத்தில் இதைப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

அடிவாரத்தில் டிக்கெட் கொடுப்பது அக்கா. இறங்கி வருகிறவர்கள் தன் புருஷனைத் திட்டுவதை இருபது வருடமாகக் காது குளிரக் கேட்டவள். ஒரு நாளும் மேலே ஏறியதில்லை. ஏரி எங்கே ஓடிவிடப்போகிறது என்பாள்.

போன மாதம் அவள் முழங்காலைப் பார்த்த டாக்டர், மாமாவைத் தனியே கூப்பிட்டு, இந்த வருடம் தாண்டினால் மாடிப்படியே சிரமம், மலையை மறந்துவிடுங்கள் என்றார். மாமா வெளியே வந்து, தைலம் தேய்த்தால் போதுமாம் என்று அளந்தார். மறுவாரமே, ஏரியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நச்சரித்து அவளைக் கிளப்பினார். தண்ணீர் பாட்டில் சுமக்க நான். மாமா சொல்லி விஷயம் எனக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் நடந்தேன்.

பாதி வழியில் அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி வீங்கியிருந்தது. மாமா பழக்கதோஷத்தில் அஞ்சு நிமிஷம் என்றார். கட்டின பெண்டாட்டியிடமே வியாபாரம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கவுன்ட்டர்ல உட்கார்ந்து உங்க அஞ்சு நிமிஷத்தை நிறைய கேட்டுட்டேன்" என்றாள் அக்கா. "நிஜத்தைச் சொல்லுங்க."

மாமா திருதிருவென்று விழித்தார். "ஒன்றரை மணி நேரம். உனக்கு ரெண்டுகூட ஆகும்."

"அப்ப அந்தத் தைலம்?"

அவர் தலை குனிந்துகொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கூட வந்த பாவத்துக்கு என்னையும். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதாள். திரும்பிப் போய்விடலாம் என்று மாமா கெஞ்சினார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மூக்கைத் துடைத்துவிட்டு மேலே நடந்தாள்.

இரண்டேகால் மணி நேரம் ஆனது. நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். பாறையிலிருந்து ஏரி முழுசாகத் தெரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் மாமா, தினமும் பார்க்கிற ஏரியைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "நீங்க ஏன் அழறீங்க? முட்டி என்னோடது."