காளையை அடக்கிய சிங்கம் என்று நாங்கள் ஒட்டிய போஸ்டர்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு திருத்தம். அப்பா எந்தக் காளையையும் அடக்கவில்லை.

அப்பா வடக்குப்பட்டில் பிறந்தவர். படிப்பு நான்காம் வகுப்போடு சரி. கன்றுக்கு மூக்குக் குத்த, முரண்டு பிடிக்கும் மாட்டை ஏரில் பழக்க, லாடம் அடிக்கக் கயிறு போட்டுச் சாய்க்க, வாலாஜாபாத் வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழுவத்தில் அன்றாடம் நடக்கும் இந்த வேலைதான் தை மாதம் தெருவுக்கு வந்து விளையாட்டாகிவிடுகிறது. அப்பா வேலைக்குப் போவார், விளையாட்டுப் பக்கம் போகமாட்டார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

காளைகளைத் தெருவில் ஓடவிட்டு வேகம் பார்க்கும் மாடு விடும் திருவிழாவில், ஓடி வந்த காளையை அப்பா ஒற்றை ஆளாக நிறுத்தினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. தண்டலத்தில் காலேஜ் படிக்கும் எனக்கு அது போதாதா? இந்த 1991 ஆவணியில் அப்பா இறந்த அன்றே நண்பர்களோடு போய் போஸ்டர் அடித்து, வீட்டுச் சுவரிலும் சுடுகாட்டு வழி முழுக்கவும் ஒட்டினேன்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலையோடு வந்தார். போஸ்டரைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அடக்கலப்பா. அது என் மாடு. மூக்கு குத்திப் பழக்குனதே உங்கப்பாதான். ஓரமா இவுரு நிக்கறதப் பாத்துச்சு, ஓடறத வுட்டுட்டு கிட்ட வந்து நின்னுடுச்சு. பசங்க இவரத் தோள்ல தூக்கிகினானுங்க."

"மாடு இன்னா ஆச்சு, பெரியப்பா?"

"பாதில நின்ன மாடுன்னு ஊரே சிரிச்சுது. எனக்கு ரோசம். அடுத்த சந்தைல அடிமாட்டுக்குத் தள்ளிட்டேன். அதுக்கு மின்னாடியே உங்கப்பா வூட்டுக்கு வந்து, தன்கிட்ட குடுத்துடச் சொல்லி கெஞ்சினாரு. நான் குடுக்கல."

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கதய எவனாவது எடுத்தா பாதி சோத்துல எந்திரிச்சிடுவாரு. அத்தப் போயி செவுத்துல ஒட்டி வெச்சிக்கீறியே."

அப்பா கடைசி வரை தலை குனிந்த விஷயத்தை அவர் தலைமாட்டிலேயே பெருமை என்று ஒட்டியிருந்தேன். அவரைத் தூக்கிப்போகும் வழியிலும் அதுதான்.

தூக்க நேரமாகிறது என்றார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு போஸ்டர்களைக் கிழிக்க ஓடினேன். நண்பர்கள் தண்ணீர் அடித்துச் சுரண்டினார்கள். "பசை கம்மியா போடுடான்னேன், கேட்டியா நீ?" என்றான் ஒருவன். பெரியவர் தோள்துண்டை நனைத்துத் தேய்த்தார்.

அப்பாவைச் சுமந்தவர்களுக்கும், அம்மாவோடு இருந்தவர்களுக்கும், சுவர் சுரண்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுடுகாட்டுச் சுவரில் ஒன்று இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.