ஏழு கட்டம் மிச்சம்

குமாரபாளையத்துக் கமலவேணி எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவாள். பிறந்த ஊர் ராசிபுரம். அப்பா கட்டம் போட்ட தாளில் சேலைக் கரைகளுக்கு உரு வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுத்தவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு, ஆகவே பென்சில் பத்து வயதிலேயே இவள் கைக்கு வந்துவிட்டது. கட்டிக்கொண்டு போன மருதாசலம் நெசவில் கெட்டிக்காரர். இவள் வரைவாள், அவர் நெய்வார். பன்னிரண்டு வருஷத்தில் இவள் தாளில் ஒரு கட்டம் பிசகியது என்று யாரும் சொன்னதில்லை.

பிசகியது வேறோர் இடத்தில். 1933-ஆம் வருஷம் மருதாசலத்தின் இடது கண் மங்கத் தொடங்கியது. புரை என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புரையென்றால் முற்றிப் பழுத்த பிறகுதான் எடுப்பார்கள், அது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சரி, பழுக்கட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷம் காத்திருந்தார்கள், மாங்காயை வைக்கோலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல. ஒன்றும் பழுக்கவில்லை. கண்தான் அணைந்தது.

அப்புறம்தான் சங்ககிரியில் ரயிலேறி, சூரமங்கலத்தில் இறங்கி, கண் டாக்டர் உபகாரசாமியின் வாசலில் போய் நின்றார்கள். அவர் மருதாசலத்தை இருட்டறையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, ஒரு கைவிளக்கைக் கண்ணருகே பிடித்து, அதிலிருந்த சிறு துளை வழியாக நெடுநேரம் பார்த்தார்.

"இது புரை இல்லம்மா. கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் கூடி, பின்னால இருக்கிற பார்வை நரம்பை அழிச்சிருக்கு. போனது திரும்பாது" என்றார்.

மூன்று வருஷம், மூன்று முழு வருஷம், வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று கமலவேணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. டாக்டர் வலது கண்ணையும் பார்த்தார். அதிலும் நரம்பு கெடத் தொடங்கியிருக்கிறது, அறுவை செய்து அழுத்தத்தை இறக்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம், பார்வை கூடாது, ஆனால் குறையாமல் நிற்கும் என்றார்.

மருதாசலம் எழுந்துவிட்டார். சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் கடைசிப் பொடி வரியை அந்த வலது கண்ணால் அப்போதுதான் கடகடவென்று வாசித்திருந்தார்.

"தெரியாத கண்ணை உட்டுப்போட்டுத் தெரியற கண்ணுல கத்தி வெக்கறேங்கறீங்களே சாமி. இதும் போச்சுன்னா நான் தறியில உக்கார்றது எப்படி? நட புள்ள, ஊட்டுக்குப் போலாம்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நன்றாகத் தெரிகிற கண்ணை யார்தான் கத்திக்கு நீட்டுவார்கள்? ஆனால் கமலவேணி நகரவில்லை.

"உள்ளார இருக்கறதை அவருக்குக் காட்ட வழியில்லீங்களா?"

"கண்ணோட உள்பக்கத்தைப் படம் பிடிக்கிற கேமரா சீமையில வந்திருக்கும்மா. நான் பத்திரிகையிலதான் பார்த்தேன். எங்கிட்ட இருக்கிறது இந்த விளக்கு ஒண்ணுதான்."

"அப்ப நானே பாத்து வரையறனுங்க."

டாக்டர் சிரித்தார். "இதுல பார்த்துப் பழக எனக்கே நாலு மாசம் ஆச்சும்மா."

"எனக்கு எட்டு ஆனாலும் ஆகட்டுங்க."

விளக்கைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அதில் பார்க்க வேண்டுமானால் முகத்தோடு முகம் ஒட்டுகிற அளவுக்கு நெருங்க வேண்டும். அந்நிய மனிதர் எதிரில் எந்தக் குடும்பப் பெண் புருஷனிடம் அப்படிப் போவாள்? உபகாரசாமி நல்ல மனிதர். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, அந்த இருட்டிலும் நாட்காட்டியைப் படிப்பதுபோல் பாவனை செய்தார்.

"மானம் போகுது புள்ள" என்று மருதாசலம் முனகினார்.

"மானம் எங்கியும் போவாது. கண்ணைச் சிமிட்டாம இருங்க."

அன்றைக்குச் செக்கச்சிவந்த வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா ஆகப் போகிறாளாம் என்று உறவுக்காரர்கள் வம்பளந்தார்கள். அளக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஐந்தாவது வெள்ளியன்று வலது கண்ணின் சிவப்புக்கு நடுவே சந்தனப் பொட்டுப்போல ஒரு வெளிறிய வட்டம் தெரிந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் விளிம்பேறி நாலாபக்கமும் ஓடின. நரம்பின் முகம் அதுதான், நரம்பு அழிய அழிய அந்தப் பள்ளம் அகலும் என்றார் டாக்டர். பார்த்துப் பார்த்துக் கட்டத்தாளில் வரைந்தாள். வட்டத்துக்கு அகலம் இருபது கட்டம் என்று வைத்துக்கொண்டாள். பள்ளம் பதினொன்று வந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். சிரிக்காமல் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

"கொஞ்சம் பள்ளம் எல்லாருக்கும் இருக்குமாமே" என்றார் மருதாசலம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

ஆறு மாதம் டாக்டர் தந்த சொட்டுமருந்தை அவர் கண்ணில் விட்டுக்கொண்டே காத்திருந்தாள். இந்தக் காத்திருப்பு முன்போல இல்லை, கையில் கணக்கு இருந்தது. மறுபடி வரைந்த நாளில், முன்னதைப் பார்த்துக் கை சாய்ந்துவிடக் கூடாதென்று, பழைய தாளை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடும்படி அவளே டாக்டரிடம் சொன்னாள். வரைந்து முடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளம் பதிமூன்று. முன்பு விளிம்பின்மேல் கிடந்த ஒரு ரத்தக் குழாய் இப்போது பள்ளத்தின்மேல் அந்தரத்தில் நின்றது.

"நீயும் டாக்டரும் பேசி வெச்சுட்டீங்க" என்றார் மருதாசலம்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "இத்தனை வருசம் என் தாளை வெச்சு நெய்தீங்களே, ஒரு கட்டம் பொய்யுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவள் விளக்கை எடுத்து, அணைந்துபோன இடது கண்ணைப் பார்த்தாள். அதுவரை அதைப் பார்க்க அவளுக்கு மனம் வந்ததில்லை. வரைந்து மூன்றாவது தாளாக அவர் மடியில் வைத்தாள். அதில் விளிம்பே இல்லை. பள்ளம் இருபது கட்டத்தையும் விழுங்கியிருந்தது.

மருதாசலம் மூன்றையும் வரிசையாகப் பரப்பினார். பதினொன்று, பதிமூன்று, இருபது. விரல் வைத்து எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"அப்ப ஏழு கட்டந்தான் மிச்சமா?"

"ஏழுதானுங்க."

மூன்று தாளையும் அடுக்கி அவள் கையில் கொடுத்து, "எப்ப வரோணும்னு கேளு" என்றார்.

அறுவை முடிந்து பத்து நாள் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் கமலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. கத்திக்கு இழுத்து வந்தவள் அவள். கட்டவிழ்க்கும்போது இருட்டு என்று சொல்லிவிட்டால், அந்த இருட்டு அவள் போட்டது. கட்டவிழ்த்ததும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்ன புள்ள, இப்படி எளைச்சுட்டே" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. பள்ளம் நின்றதா என்று தெரிய வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே இருட்டறைக்குப் போனார்கள். வரைந்த தாளை அவர் கையில் கொடுத்தாள். மருதாசலம் ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து எண்ணினார்.

பதிமூன்று.

தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார். ஜன்னலை அவரே சாத்தினார். திரும்பி வந்து அதே முக்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார்.

"எதுக்கும் இன்னொருக்காப் பாத்துரு புள்ள."

யாரும் சொல்லாமலே உபகாரசாமி நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.