நான் மெத்தையாக்கிய கபடித் தரை

பிள்ளைகளே, விளையாடும்போது அடிபடாமல் இருப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கே அது முழுசாகப் பிடிபடவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை போடுகிறவன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில், எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். போன வருஷம் அவள் முழங்கால் இரண்டிலும் தோல் ஒழுங்காக இருந்த நாட்கள் குறைவு. பள்ளி மைதானம் அப்படி, தார் ரோடு மாதிரி இறுகிப்போன மண். ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் போட்டி என்றதும், அந்த வாரம் எங்கள் தோட்டத்துத் தரிசில் பயிற்சி நடக்கட்டும் என்று பி.டி. டீச்சரிடம் நானே போய்க் கேட்டேன். எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வேர் இறங்க அது பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பதுதான். மண்ணைத் தூளாக்கும் ரொட்டவேட்டர் விட்டு இரண்டு தடவை ஓட்டினேன். கம்பத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாய் ஒரு டிராக்டர் நிறையத் தேங்காய் நார்த்தூள் அனுப்பினார். அதைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். மெத்தை மாதிரி இருந்தது.

பார்க்க வந்த பாய் சிரித்தார்.

"என்ன மாப்ள, கபடிக்கா கேட்டீக? நான் தக்காளி நாத்துக்குன்னுல்ல நெனச்சேன்."

"பிள்ளைக விழுந்தா வலிக்கக் கூடாதுல்ல மாமா."

"விழுந்தா வலிக்காது. நிக்க முடியுமான்னு பாத்தீகளா?"

கேலி செய்கிறார் என்று நானும் சிரித்துவைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். வந்ததும் ஆட்டம்தான். என் மகள் முதலில் பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பக் காலை ஊன்றினாள். பாதம் புதைந்துவிட்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. விழுந்தவளுக்கு முழங்காலில் ஒரு கீறல் இல்லை. கணுக்கால் மட்டும் கொய்யாக்காய் கணக்காக வீங்கியது.

அப்புறம்தான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. என் மனைவி உப்பு ஒத்தடம் என்றாள். பக்கத்துத் தோட்டத்து அக்கா எண்ணெய் போட்டு உருவச் சொன்னார். டீச்சர் ஐஸ் என்றார். சூடா, குளிரா? ஒரு கையில் உப்பு மூட்டையும் ஒரு கையில் ஐஸ் டப்பாவுமாக நின்றேன்.

"அப்பா, ரெண்டுல ஒண்ண வைங்க. இல்லேன்னா ரெண்டையும் கீழ வைங்க" என்றாள் மகள்.

மறுநாள் தேனியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை. பிசியோதெரபி பார்க்கும் அம்மா, இப்போதைக்குத் துணியில் சுற்றிய ஐஸ்தான், தேய்க்கவே கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டார். தரையைப் பற்றி விசாரித்தார். நான் விளக்கமாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேல கொஞ்சம் உதிரியா இருக்கலாம். அடியில காலுக்குப் பிடிமானம் வேணுமே. ஆட முன்ன உடம்பச் சூடு பண்ணுனாகளா?"

ஓடினால் தானாகச் சூடாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா என்று மட்டும் கேட்டேன்.

"ஆகுற மாதிரி தெரியல. எப்பன்னாலும், அடிபட்ட அந்த ஒத்தக் காலுல வலியில்லாம நொண்டி அடிச்சுக் காட்டாம கோட்டுக்குள்ள விடாதீக."

சனிக்கிழமை வீக்கம் பாதி வற்றியிருந்தது. மகள் என்னைக் கூப்பிட்டு நொண்டி அடித்துக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"பாத்தீகளா, வலிக்கல."

முகம் சிரித்தது. கால்விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டு இருந்தன. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. காலைக் கெடுத்தவனே ஆட்டத்தையும் கெடுக்கலாமா? விட்டுவிட்டு, அந்தக் கால் இன்னும் மோசமானால்?

"ஆத்தா, செவத்துல இருந்து கைய எடுத்துட்டு அடி."

கையை எடுத்தாள். நொண்டி அடிக்கவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் நீங்க பண்ணுனதுதான்."

"ஆமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுப் போட்ட காலோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் தொடங்கும் முன் மற்ற பிள்ளைகளை நிற்கவைத்து, கணுக்காலைச் சுத்து, முட்டிய மடக்கு என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். திரும்பி வந்த வேனில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நார்த்தூளைப் பாதிக்கு மேல் வாரி எடுத்துவிட்டு, ரோலர் கடன் வாங்கி உருட்டினேன். குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். பிடிமானம் இருந்தது. ஆனால் இறுக்கம் கூடிவிட்டதோ? மறுபடி முழங்கால் தேயுமோ? எதுவும் விளங்காமல் மகளைக் கூப்பிட்டேன். நொண்டிக்கொண்டே வந்து, நல்ல காலால் அழுத்திப் பார்த்தாள்.

"போதுமா ஆத்தா?"

"எனக்கும் தெரியலப்பா. ஒத்தக் காலுல நொண்டி அடிக்க முடியட்டும், அப்ப ஆடிப் பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீக."

அவள் ஆடிப் பார்த்துச் சொல்லும்வரை ரோலரைத் திருப்பிக் கொடுக்காமல் வேலியோரம் நிறுத்திவைத்திருக்கிறேன்.